இரும்புக் கட்டில் ரயில்

ஜூன் 16

தங்கைக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், நடுவில் உன் அத்தான் போனைப் பிடுங்கி இரண்டு பேருக்கும் பொதுவாக ஏதாவது சொல்லி வைப்பார். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

பேசியது நினைவிருக்கட்டும். உன் பள்ளியில் ஒரு பருவம் மட்டும்தான். காய்ச்சலில் காது போன பிள்ளையை இரண்டு வருடம் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவள் நான். "இப்படியே உன் தையல் மெஷின் பக்கத்துலயே உட்கார்ந்து வளரணுமா அவ?" என்று நீ கேட்டதை நான் மறக்கவில்லை. கேட்டது நீ, தலையாட்டியது அவள் அப்பா, பெட்டி கட்டியது நான். காலாண்டு விடுமுறைக்கு அவள் வரும்போது திரும்ப அனுப்புவதா வேண்டாமா என்பதை நான் ஒருத்திதான் முடிவு செய்வேன்.

பகலில் காது மெஷின் போட்டிருந்தால் அவளுக்கு ஓரளவு கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். தூங்கும்போது கழற்றி விடுவாள். அதன் பிறகு கூரை இடிந்து விழுந்தாலும் தெரியாது. இங்கே நான் வாசலில் நின்று விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து எழுப்புவேன். தொட்டு எழுப்பினால் பதறிப் போய் எழுந்திருக்கிறாள், அதனால் தொடுவதில்லை. உன் விடுதியில் அதற்கு வழியில்லை என்பதால் அதிரும் கடிகாரம் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதனுடன் வட்டமாக ஒரு தகடு தனியே இருக்கும். தலையணைக்கு அடியில் வைத்தால், நேரம் வந்ததும் அது ஆளையே உலுக்கிவிடும்.

அங்கே அவள் உன்னைச் சித்தி என்று கூப்பிடக் கூடாதாமே. மிஸ்ஸாம். நன்றாக இருக்கிறது.

பாப்பாவின் அம்மா


ஜூன் 25

அக்கா,

உன் கையெழுத்தில் கோபம் தெரிந்தது. பேனா தாளைக் கிழித்திருக்கிறது. இருந்தாலும் எழுதினாயே, அதுவே போதும்.

எல்லாப் பெண்களும் என்னை மிஸ் என்று கூப்பிடும் இடத்தில் ஒருத்தி மட்டும் சித்தி என்றால், அவள் மற்றவர்களில் ஒருத்தியாக இருக்க முடியாது. அதற்காகத்தான். அவளே அதைப் புரிந்துகொண்டு, யாரும் இல்லாத இடத்தில் மட்டும் வாயசைவில் "சித்தி" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

முதலில் என் அறையை ஒட்டிய சின்ன அறையை அவளுக்குக் கொடுத்தேன். பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே பெட்டியை இழுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். "நான் என்ன நோயாளியா?" என்று அவள் கேட்டது விடுதி முழுக்கக் கேட்டது. தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாதல்லவா.

ஹாலை நீ பார்த்ததில்லை. நீளமான அறை. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், மறுபக்கம் சுவரோரமாக இரும்புக் கட்டில்கள், ஒன்றின் கால்மாட்டில் அடுத்ததன் தலைமாடு வருகிற மாதிரி வரிசையாக. கதவருகே தொடங்கிப் பின் சுவரில் முடியும். கடைசிக் கட்டில் அவளுடையது. தலைக்கு மேலே பலகையில் உன் கடிகாரம். தினமும் மாலையில் நானே நேரம் வைக்கிறேன். தகடு இருக்கிறதா என்று கேட்பேன். தலையணையைத் தட்டிக் காட்டுவாள். நான் தூக்கிப் பார்ப்பதில்லை. அலமாரியைச் சோதிப்பேன், பெட்டியைச் சோதிப்பேன், தலையணைக்கு அடியில் மட்டும் பார்க்க மாட்டேன் என்று சேர்ந்த நாளிலேயே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இத்தனை பேர் வாழும் அறையில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமான இடம் அது ஒன்றுதான்.

கடிகாரம் அருமையாக வேலை செய்கிறது. ஹாலுக்குப் போனதிலிருந்து காலை மணிக்கு அவள் ஒருநாள்கூடப் பிந்தவில்லை.

இவர்களுக்கு ஒரு புது விளையாட்டு வந்திருக்கிறது. கட்டில்களுக்கு இடையே ஆள் நடக்க இடைவெளி விட வேண்டும் என்பது விதி. தினமும் எப்படியோ அவை நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கேட்டால் "ரயில் மிஸ்" என்கிறார்கள். உன் மகளுக்கு "கார்டு" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசிப் பெட்டியில் இருப்பதால் போலிருக்கிறது.

உன் தங்கை


ஜூலை 8

தங்கைக்கு,

கார்டாம், ரயிலாம். என் பிள்ளையைக் கடைசியில் தள்ளிவிட்டு அதற்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது. கேலி செய்கிறார்களா என்று நீ பார்த்தாயா? நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால்தானே.

சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், மணிக்கு எழுகிறாள் என்று எழுதுகிறாய். அதற்கு நான் ஆட்டுக்குட்டியை அனுப்பியிருக்கலாம். அவளோடு யாராவது பேசுகிறார்களா? அதை எழுது. இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முதல் மாதம் வந்து பேசினார்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல அலுத்துப்போய் நின்றுவிட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன? துணி தைக்கக் கொடுக்க வந்த நாலு பேர் ஏதோ பேசிச் சிரிக்கும்போது அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து "என்னம்மா?" என்பாள். கையில் வேலை இருக்கும். "ஒண்ணுமில்ல" என்பேன். அவளும் சரி என்று போய், நான் தைக்கும் மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். மெஷின் நின்றால்தான் தலையைத் தூக்குவாள்.

மேசை இப்போது காலியாக இருக்கிறது. துணி நிறைய விரிக்க முடிகிறது. அவ்வளவுதான் லாபம்.

பாப்பாவின் அம்மா


ஜூலை 21

அக்கா,

நீ கேட்ட பிறகு நான் கவனித்துப் பார்த்தேன்.

பேசுகிறார்கள். எப்படி என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே யார் உட்காருவது என்று சண்டை வருகிறது. எதிரே உட்காருபவள் வாயைத் திறந்து தெளிவாகப் பேச வேண்டும், சோற்றை அடைத்துக்கொண்டு பேசக் கூடாது. கொட்டாவி என்று ஒருத்தி இருக்கிறாள், எப்போதும் தூக்கக் கலக்கம். வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற பெண். அவளை எதிரே உட்கார விடமாட்டேன் என்று உன் மகள் சொல்லிவிட்டாள். "நீ பேசினா எனக்குப் படிக்கவே வராது, மோசமான கையெழுத்து மாதிரி இருக்கு" என்றாள். கொட்டாவி இப்போது கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறாள்.

இன்னொன்று. விளக்கணைத்த பிறகு கொஞ்ச நேரம் ஹாலில் கிசுகிசுப்பும் சிரிப்பும் இருக்கும். நான் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். போன வாரம் அந்தச் சிரிப்பில் அவள் குரலும் கேட்டது. மற்றவர்கள் சிரித்த பின், கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் சத்தமாக. இருட்டில் உதடு எப்படித் தெரியும்? வேறு எதற்கோ சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் விளையாட்டு நின்றபாடில்லை. கூட்டுகிற அம்மா, துடைப்பம் நுழையவில்லை என்று என்னிடம் புகார் செய்தார். நான் சத்தம் போட்டேன். வக்கீல் என்று ஒரு பெண் உண்டு, பேர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். "பகல்ல பிரிச்சு வைக்கிறோம் மிஸ், ராத்திரி மட்டும் சேர்த்துக்கிறோம். ராத்திரி யாரு கூட்டப் போறா?" என்றாள். சிறுபிள்ளைத்தனம் என்று திட்டிவிட்டு வந்தேன். உன் மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். வக்கீல் அவளைப் பார்த்தாள். இருவரும் கட்டில்களை நகர்த்தத் தொடங்கினார்கள்.

கடிகாரத்துக்கு ஒரு நன்றி. அது இல்லாவிட்டால் நான் தூங்கியிருக்கவே மாட்டேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 4

அடியே,

இன்று தையல் மெஷினை நகர்த்திச் சுத்தம் செய்தேன். அடியில் வெட்டுத் துணிக்குள் அந்தத் தகடு கிடக்கிறது. தலையணைக்கு அடியில் வைக்க வேண்டிய தகடு. பெட்டி கட்டிய அன்று பரிசோதித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தேன், விழுந்திருக்கிறது. கடிகாரம் மட்டும்தான் அங்கே வந்திருக்கிறது. அது வெறுமனே கீச்கீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் யாருக்கு?

நீ இத்தனை நாள் அதைத்தான் புகழ்ந்து புகழ்ந்து எழுதியிருக்கிறாய்.

அவள் எப்படி எழுகிறாள்? தூங்காமல் கிடக்கிறாளா? விடியும்வரை கண்ணைத் திறந்துகொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? தகடு இல்லை என்று ஏன் உன்னிடம் சொல்லவில்லை? தீப்பிடித்தால் என்ன செய்வாள்? உன் அத்தான் உடனே கிளம்பலாம் என்கிறார்.

அவளை அனுப்பிவிடு.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

நீ சொன்னது உண்மை. தலையணைக்கு அடியில் எதுவும் இல்லை. நான் பார்க்கவில்லை, அவளே தூக்கிக் காட்டினாள். முதல் நாளே தேடியிருக்கிறாள். "சொன்னா அம்மா கூட்டிட்டுப் போயிடுவாங்க, சித்தி" என்றாள். எப்படி எழுகிறாய் என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். "தூங்குறியா?" என்றேன். "நல்லாத் தூங்குறேன்" என்று சிரித்தாள். அதை நம்புகிறேன். கண்ணுக்குக் கீழே கருமை இல்லை, வகுப்பில் தூங்கி விழுவதும் இல்லை. ஆனால் வேறெதுவும் சொல்ல மறுக்கிறாள்.

தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியாது. பெண்கள் அவரைப் பெரிய மிஸ் என்பார்கள். அதிர்ந்து பேசாதவர், அதனாலேயே எல்லோருக்கும் பயம். "சனிக்கிழமை விடியற்காலை நானே வந்து பார்க்கிறேன். யாருக்கும் சொல்லாதீங்க. மணியடிச்சு அவ எழுந்திரிக்கலேன்னா, அன்னைக்கே அவங்க அம்மாகிட்ட ஒப்படைச்சிடணும். உங்க அக்கா பொண்ணுங்கிறதால சொல்லல, எந்தப் பொண்ணா இருந்தாலும் இதுதான்" என்றார்.

சனிக்கிழமை மாத விடுமுறை. பாதிப் பெண்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

உன் தங்கை


ஆகஸ்ட் 12

சனிக்கிழமை மதியத்துக்குள் தகவல் வரவில்லையென்றால் மாலைப் பேருந்தில் நான் வருவேன். அவள் அவமானப்பட்டு வீட்டுக்கு வருவதை விட, நானே போய்க் கூட்டி வருவது மேல். ஊரைக் கூட்டி அவளுக்குப் பரீட்சை வைக்கிறீர்கள். தூங்குவதில் ஒரு பரீட்சை.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்கா,

"அவள் இருக்கலாம், வராதே" என்று அத்தானுக்கு மட்டும் செய்தி அனுப்பினேன். மீதியை நான் பார்த்த வரிசையிலேயே இப்போது எழுதுகிறேன். நான் படித்த எந்தப் புத்தகமும் என்னை இதற்குத் தயார்படுத்தவில்லை.

மணியடிப்பதற்கு முன்பே நானும் பெரிய மிஸ்ஸும் வராந்தாவில் ஜன்னலோரம் போய் நின்றோம். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கட்டில்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் நெளிந்தேன். கதவுப் பக்கம் சில பெண்கள். நடுவில் வெறும் கட்டில்கள், மெத்தை சுருட்டி வைத்திருந்தது. கடைசியில், சுவரோரம், உன் மகள் மட்டும். சுருண்டு படுத்து, வாயைத் திறந்துகொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடிப் போய் எழுப்பிவிடலாமா என்று இருந்தது. மிஸ்ஸா சித்தியா என்று என் கால்களுக்கே குழப்பம்.

மணி அடித்தது. அவள் அசையவில்லை.

கதவருகே படுக்கும் சின்னப் பெண்ணை இஞ்சின் என்பார்கள், ஊசி விழுந்தாலும் விழித்துவிடுவாள். அவள் கண்ணைத் திறந்தாள். ஆனால் எழவில்லை. படுத்தபடியே குதிகாலால் கால்மாட்டுக் கம்பியை உதைத்தாள். அந்தக் கம்பி அடுத்த கட்டிலின் தலைமாட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் படுத்திருந்த கொட்டாவி ஒரு கொட்டாவி விட்டு, கண்ணைத் திறக்காமலே தன் பங்குக்கு உதைத்தாள். அப்படியே ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்கு. வக்கீல்வரை வந்தது. அவளுக்கு அடுத்தது வெறும் கட்டில்.

அவள் தலைமாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டு காலையும் மடக்கி, அடுத்த கட்டிலின் கம்பியில் ஒரே தள்ளு. வெறும் கட்டில் முன்னால் இருந்த வெறும் கட்டிலை இடித்தது, அது அடுத்ததை, அது அடுத்ததை. நின்ற ரயிலில் இஞ்சினைக் கோக்கும்போது பெட்டி பெட்டியாக ஒரு குலுக்கல் ஓடுமே, அப்படி ஓடியது. கடைசிக் கட்டில் லேசாக அசைந்தது. உன் மகள் கண்ணைத் திறந்தாள். பதறவில்லை, அக்கா. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி திறந்தாள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் மறக்கப் போவதில்லை. யாரும் எழவில்லை. எல்லோரும் விழித்துவிட்டார்கள், மணி ஓய்ந்துவிட்டது, ஒருத்தியும் காலைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொருத்தி கையும் கம்பிமேல் இருந்தது. உன் மகள் ஒரு சோம்பல் முறித்துவிட்டு, தலைக்குப் பின்னால் கையை நீட்டிக் கம்பியைத் தன் சீப்பால் தட்டினாள். எங்களுக்கே கேட்டது. அவர்களுக்குக் கேட்காமல் இருக்குமா? காதால் கேட்ட பிறகும் அசையவில்லை. வக்கீல் தட்டி, அடுத்தவள் தட்டி, கம்பி வழியாகவே அது இஞ்சின்வரை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது. இஞ்சின் "ம்" என்றாள். அத்தனை கால்களும் ஒன்றாகத் தரையில் இறங்கின.

கார்டு பச்சைக்கொடி காட்டாமல் ரயில் கிளம்பாது. அதற்காகத்தான் அந்தப் பெயர். நான் அதைக் கடைசி இடம் என்று நினைத்து உனக்கு எழுதினேன்.

பெரிய மிஸ் உள்ளே போனார். பெண்கள் சட்டென்று வரிசையாக எழுந்து நின்றார்கள்.

"யார் சொல்லிக் கொடுத்தது இதை?"

"யாரும் இல்ல மிஸ்" என்றாள் வக்கீல். "ரயில்னா கடைசிப் பெட்டிக்கும் தெரியணும்ல."

"நடுவுல ஆளே இல்லையே?"

"ஆள் இல்லாட்டி என்ன மிஸ், கட்டில் இருக்குல்ல."

பெரிய மிஸ் குனிந்து கடைசிக் கட்டிலின் கம்பிமேல் உள்ளங்கையை வைத்தார். "இன்னொரு தடவை அனுப்புங்க" என்றார். அனுப்பினார்கள். அது வந்து சேர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கோயிலிலோ கடற்கரையிலோ மனிதர்கள் பேச்சை விட்டு நிற்பார்களே, அந்த முகம். கையை எடுக்க மறந்து நின்றார். "அந்தத் தகட்டையும் வரவழைங்க. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை உன் மகள் துணி காயப்போடும் இடத்தில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹாலுக்கு வந்த முதல் இரவு தற்செயலாகக் கட்டில் ஒட்டியிருந்ததாம். முன்கட்டிலில் இருந்தவள் புரண்டு படுத்தாளாம். "கம்பியில தெரிஞ்சுது சித்தி. அம்மா மெஷின் ஓட்டுற மாதிரி இருந்துச்சு. உடனே தூக்கம் வந்திடுச்சு." மறுநாள் வக்கீலிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். ரயில் அங்கிருந்து தொடங்கியது.

சிரிப்பும் அப்படித்தான் போகிறதாம். இருட்டில் யாராவது ஜோக் சொன்னால், சிரிக்கும்போதே கம்பியைத் தட்டி அனுப்ப வேண்டும். என்ன ஜோக் என்பதை வக்கீல் எழுந்து போய் அவள் கையில் விரலால் எழுதுவாள். அதனால்தான் அவள் தாமதமாகச் சிரித்திருக்கிறாள். ரயிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கார்டு "என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லக் கூடாது.

இத்தனையும் என் அறைக்கு நான்கு சுவர் தள்ளி நடந்திருக்கிறது. நான் இடைவெளி விடச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 24

தங்கச்சி,

தகடு இதனுடன் வருகிறது. பஞ்சு வைத்துச் சுற்றியிருக்கிறேன்.

உன் கடிதத்தை உன் அத்தான் சத்தமாகப் படித்தார். மெஷின் மாதிரி இருந்தது என்று அவள் சொன்ன இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, நானே வாங்கிப் படித்தேன். இரண்டு வருடமாக அவள் எனக்கு இடைஞ்சலாக மேசையில் படுத்துக்கிடந்தாள் என்று நினைத்திருந்தேன்.

நன்றாக இருக்கிறது எல்லாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்வார்கள், வேறு வேறு இடம் போவார்கள். ரயில் எத்தனை நாள் ஓடும்? அதையும் யோசிக்க வேண்டியவள் நான்தானே. விடுமுறைக்கு வரட்டும். முடிவு அப்போதுதான்.

அக்கா


செப்டம்பர் 18

அக்கா,

வெள்ளிக்கிழமை அவளைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். ரயில் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. நீ எந்த முடிவு எடுத்தாலும் நான் வாதாட மாட்டேன், அதற்கு இங்கே வேறு ஆள் இருக்கிறாள். அவளை உன்னிடம் பேச வைக்காமல் தடுப்பதுதான் இப்போது எனக்குப் பெரிய வேலை.

தகட்டை இவர்கள் தலையணைக்கு அடியில் வைக்கவில்லை. கட்டில் கம்பியோடு துணி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இப்போது மணிக்கு முன்பே கடைசிப் பெட்டி அதிர்கிறது, உன் மகள் எழுந்து முன்பக்கம் எல்லோரையும் எழுப்புகிறாள். இஞ்சினுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

உன் தங்கை


அக்டோபர் 2

தங்கச்சி,

முதல் இரண்டு நாள் ஒரே பேச்சு. வக்கீல் இப்படிச் சொன்னாள், கொட்டாவி அப்படிச் சொன்னாள். காது வலிக்கிறது என்றேன். "எனக்கு வலிக்கல" என்றாள். சாப்பிடும்போது நான் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு பேசினால் கையை நீட்டித் தடுக்கிறாள்.

நேற்று மதியம் ரவிக்கை வாங்க எதிர்வீட்டு அக்கா வந்தார். அளவு சரியில்லை என்று ஆரம்பித்து, "ரவிக்கை சின்னதாயிடுச்சா, நான் பெரிசாயிட்டேனா, உண்மையைச் சொல்லு, போலீசுக்குப் போக மாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாப்பா எனக்கு முதுகைக் காட்டி, மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். சிரிக்கும்போதே என் கை மேசையைத் தட்டியது. நான் தட்டவில்லை, கையே தட்டியது. உன் கடிதத்தைப் படித்த கை.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "என்னம்மா? யார் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணு..." என்பதுவரை வாயில் வந்துவிட்டது. விழுங்கினேன். மெஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பி, முதலிலிருந்து சொன்னேன். போலீஸ் வரைக்கும் சொன்னேன். அவள் சிரித்தாள். எதிர்வீட்டு அக்கா ஏற்கெனவே சிரித்து முடித்திருந்தார், அவளைப் பார்த்து மறுபடியும் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் மூன்று பேர் ஒரே விஷயத்துக்குச் சிரித்து இரண்டு வருடம் ஆகிறது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ரயில் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டேனே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இங்கேவரை வந்திருக்கிறது.

திங்கட்கிழமை பேருந்தில் அவள் வருகிறாள். நானே கூட்டி வருகிறேன். அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். முக்கியமாக வக்கீலை. பழைய தையல் துணியில் அத்தனை கட்டிலுக்கும் நாடா தைத்திருக்கிறேன், ராத்திரியில் கட்டில்கள் விலகாமல் இருக்க. பகலில் அவிழ்த்துக்கொள்ளலாம், துடைப்பம் நுழையும். கூட்டுகிற அம்மாவிடம் அப்படியே சொல்.

நம் வீட்டுக் கட்டில் மரம். அதில் எதுவும் சரியாகப் போகவில்லை, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டோம். இரும்பில் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா